மைனஸ் எண்பது

இரவு ஒன்றேகாலுக்கு ஆறுச்சாமி அழைத்தார்:
"மேடம், உங்க பொட்டி கத்துதுங்க."
கரண்டு போய், ஜெனரேட்டரும் ரெண்டு இருமல் இருமிப்
படுத்துக்கொண்டதாம்.

கணபதியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது
மைனஸ் எழுபத்து நான்கு.

கதவைத் திறந்தால் குளிர் போய்விடும்.
ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லை,
எதிரே ஸ்டூல் போட்டு உட்காருவது தவிர.
உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு டப்பா.
பெருந்துறை, காங்கயம், கோபி, தாராபுரம்,
குடல் புண்ணான பிள்ளைகளின் மலம்,
ஒவ்வொன்றும் கல்லாய் உறைந்து
ஒரு எண்ணோடு.

போன மாசம் சித்தோட்டில் ஒரு கல்யாணம்.
பக்கத்து இலைக்காரர் கேட்டார்:
"எதுலீங்க உங்க ஆராய்ச்சி?"
ஒப்பிட்டின் மேல் நெய் விழுந்துகொண்டிருந்தது.
"கொழந்தைகள்லீங்க" என்றேன்.
நல்லதுங்க என்று பிட்டுச் சாப்பிட்டார்.

எழுபத்தொன்று.

டப்பாவில் பெயர் இருக்கக் கூடாது, விதி.
விதியை எழுதியவளும் நான்தான்.
என்றாலும் மூன்றாம் தட்டில், இடது மூலையில்
நாற்பத்தேழு என்பது தருணேஷ்.
வயது பதினொன்று, எடை இருபத்திரண்டு.
"நாலாப்புல எடுத்த டவுசர்
இன்னும் சேருதுங்க டாக்டர்"
என்று சிரித்தாள் அவன் அம்மா கலாமணி.
நான் எழுதுவதை நிறுத்தினேன்.

முதலில் ஆறு மாசம் காசநோய் மாத்திரை தின்றிருக்கிறான்.
யாரையும் குறை சொல்ல முடியாது,
குடலுக்குள் ரெண்டு நோய்க்கும் ஒரே சாடை.

திருப்பூரில் ஏறிக் கோவை வரும்வரை
பஸ் எங்கே நின்றால் எந்தப் பக்கம் ஓடுவதென்று
அவனுக்கு அத்துப்படி:
அவிநாசியில் கட்டணக் கழிப்பறை, சில்லறை வேணும்.
தெக்கலூரில் பெட்ரோல் பங்க், அந்த அண்ணன் திட்டாது.
கருமத்தம்பட்டி தாண்டிவிட்டால் பயமில்லை.
என் கேள்வித்தாளில் அறுபத்து மூன்று கேள்வி.
அதில் இது இல்லை.

எட்டு வாரம் சோறில்லை, ஊட்டமாவுக் கரைசல் மட்டும்.
ஐந்தாம் வாரம் மாரியாத்தா நோம்பி வந்தது.
குறிப்பேட்டில் பென்சிலால் எழுதியிருந்தான்:
"முறுக்கு. பாதி.
மீதிய தம்பிக்கு குடுத்துட்டேன்."
விலகல் என்ற கட்டத்தில்
அரை என்று தட்டச்சு செய்தேன்.
அப்படியொரு சுத்தமான தரவு
அந்த வருஷம் எனக்கு வேறு வரவில்லை.

அறுபத்தெட்டு. ஜாகிருக்குப் போன் போட்டாயிற்று.
ஐஸ்கிரீம் கம்பெனியில் மச்சானை எழுப்பி
உலர்பனி வாங்கி வருகிறான்.

அன்றைக்குப் பையனை வெளியே அனுப்பிவிட்டுக்
கலாமணி கேட்டாள்:
"சாயத் தண்ணிங்களா? நொய்யல் ஓரத்துலதான் குடியிருக்கறோம்."
தெரியலீங்க.
"பாக்கெட் தீனிங்களா?"
சொல்ல முடியாதுங்க.
ஓவர்லாக் மிஷின் தைத்துத் தைத்துக்
காய்த்துப்போன விரலைப் பார்த்துக்கொண்டே,
"இவன் வயித்துல இருக்கறப்ப
ஏழு மாசம் நைட் ஷிப்ட் பாத்தனுங்க. அதுங்களா?"

இல்லீங்க, அது இல்லவே இல்லீங்க, என்றேன்.

அதற்கு என்னிடம் தரவு கிடையாது.
ஒரு வரைபடம், ஒரு புள்ளி கிடையாது.
அந்த அறையில் நான் உறுதியாகச் சொன்னது
அது ஒன்றுதான்.

அறுபத்தாறில் விளக்கு வந்தது.
பெட்டி ஒருமுறை குலுங்கி உறுமத் தொடங்கியது.
அறுபதைத் தொடவில்லை, பிழைத்தோம்.
பதிவேட்டில் எழுதினேன்:
மின்தடை 1.05 முதல் 2.50. கதவு திறக்கப்படவில்லை.
தாமதமாய் வந்த உலர்பனி
சிங்க் தொட்டியில் புகைந்துகொண்டு கிடந்தது.

ஆறுச்சாமி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.
"உள்ளார என்னங்க மேடம், மருந்துங்களா?"
"இன்னும் இல்லீங்க."
"அப்பச் சரிங்க" என்று
கேட்டைப் பூட்டப் போனார்.